வேலை மாறும் முன், செய்த வேலையை எழுதிப் பாருங்கள்

(வேலை மாற விரும்புவோருக்காக நடந்த தொழில்நெறி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இது படிப்பு முடித்துவிட்டு முதல் வேலை தேடுகிறவர்களுக்கான கூட்டம் இல்லை. நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே சில வருஷம் உழைத்தவர்கள். சிலர் இப்போதும் வேலையில் இருக்கீங்க, சிலர் அண்மையில் விட்டிருக்கீங்க. வீட்டில் பிள்ளைகள் படிக்கிறாங்க, மாதம் பிறந்தால் தவணை கட்டணும். அதனால் "துணிந்து இறங்குங்க, எல்லாம் நடக்கும்" என்று பேச எனக்கு விருப்பமில்லை. துணிந்து இறங்கி ஆறு மாதத்தில் பழைய கம்பெனி வாசலில் போய் நின்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

"வேற வேலைக்குப் போகணும் சார், எதுக்குப் போகலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பாங்க. நான் திருப்பி, "இதுவரைக்கும் என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்பேன். "சூப்பர்வைசர்." "அக்கவுண்ட்ஸ்." "மார்க்கெட்டிங்." ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். பன்னிரண்டு வருஷத்தை ஒரு சொல்லில் சொல்லி முடித்துவிட்டு, மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்ப்பாங்க.

அந்தச் சொல் கம்பெனி உங்களுக்கு வைத்த பேர். அதற்குள்ளே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு உதாரணம் சொல்றேன். "அக்கவுண்ட்ஸ்" என்று சொல்கிற இரண்டு பேரை எடுத்துக்கோங்க. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. பில் போடுகிற முறை மாறியது, ரிட்டர்ன் தாக்கல் செய்கிற முறை மாறியது. ஒருத்தர் ஆடிட்டர் சொன்னதைக் கேட்டு டேலியில் பதிவு மட்டும் போட்டார். இன்னொருத்தர், கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிற சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "அண்ணே, இனிமே பில்லுல இந்த நம்பர் இருக்கணும், இந்த கோடு இருக்கணும்" என்று ஒவ்வொருத்தருக்கும் புரிய வைத்தார். இரண்டு பேர் பயோடேட்டாவிலும் ஒரே வரிதான் இருக்கும். ஆனால் இரண்டாவது ஆள் ஒரு பயிற்சியாளராகப் போகலாம், சின்ன வியாபாரிகளுக்குத் தனியாகக் கணக்கு பார்த்துக் கொடுக்கலாம், சாப்ட்வேர் கம்பெனியில் வாடிக்கையாளருக்கு விளக்குகிற வேலைக்குப் போகலாம். அவர் அதை எழுதி வைக்காததால் அவருக்கே அது தெரியாது.

ஆகவே இன்றைக்கு நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த வேலையைத் தேடுவதற்கு முன்னால், செய்த வேலையை எழுதுங்க.

"எழுத உட்கார்ந்தா ஒண்ணும் ஞாபகம் வரலையே" என்பீங்க. வராது. மனசில் நிற்பது கடைசி ஒரு வருஷமும், சண்டை போட்ட நாட்களும்தான். இதற்குத்தான் உங்கள் கையில் இருக்கிற செல்போன். கேலரியைத் திறந்து 2018, 2019 என்று பின்னாடி போங்க. கல்யாணப் படங்களுக்கும் குழந்தை படங்களுக்கும் நடுவில் ஒரு மிஷினின் படம் இருக்கும், லோடு ஏறிய லாரியின் படம் இருக்கும், ஒரு போர்டில் எழுதிய கணக்கு இருக்கும். அதை எதற்காக எடுத்தீங்க? யாருக்கு அனுப்பினீங்க? வாட்ஸ்அப்பில் பழைய வேலைக் குழுக்களில் உங்கள் பேரைத் தேடிப் பாருங்க. "இதை அவர்கிட்ட கேளுங்க" என்று எத்தனை பேர், எதற்காக உங்கள் பேரைச் சொல்லியிருக்காங்க என்று பாருங்க. எந்த விஷயத்துக்கு மற்றவர்கள் உங்களைத் தேடி வந்தார்களோ, அதுதான் உங்கள் கையிருப்பு. சம்பளம் ஏறிய குறுஞ்செய்திகளைப் பார்த்தால் எந்த மாதம் சம்பளம் கூடியது என்பது தெரியும். அதற்கு முந்தைய மாதங்களில் நீங்கள் புதுசாக எதைப் பொறுப்பேற்றீர்கள் என்று யோசிங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இது உங்கள் ஞாபகத்துக்காக மட்டும். கம்பெனியின் ஆர்டர் விவரம், வாடிக்கையாளர் பட்டியல், வரைபடம் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அடுத்த இடத்தில் காட்டக் கூடாது. காட்டினால் அவர்களே உங்களை நம்ப மாட்டாங்க.

இப்போது ஒருத்தருடைய தாளைக் காட்டுகிறேன். திருப்பூர் பக்கத்தில் பல பேரிடம் கேட்டதைச் சேர்த்து ஒரு ஆளாகச் சொல்கிறேன், யாரையும் அடையாளம் காட்டுவதற்காக இல்லை. வயது முப்பத்தெட்டு. பத்தாவது படிப்பு. பதினேழு வருஷமாகப் பனியன் கம்பெனி. கைமடியாக உள்ளே போனாங்க, ஓவர்லாக் கற்றுக்கொண்டாங்க, செக்கிங் பார்த்தாங்க, கடைசி ஆறு வருஷம் லைன் சூப்பர்வைசர். முழங்கால் வலி. பாதி நாள் ஒன்றரை ஷிப்ட். "உட்கார்ந்து பார்க்கிற வேலை வேணும். கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு டேட்டா என்ட்ரிக்குப் போயிடலாமா?" இதுதான் கேள்வி.

ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஒரு கோர்ஸில் சேரும் முடிவோடுதான் வந்திருந்தாங்க. கொஞ்சம் பொறுங்கம்மா என்று சொல்லி ஒரு நீளத் தாளைக் கொடுத்தோம். முதலில் எழுதியது ஒரே ஒரு வரி: "லைனைப் பார்த்துக்கொண்டேன்."

காலையில் உள்ளே போனதும் முதல் அரை மணி நேரம் என்ன செய்வீங்க? இதைக் கேட்டதும்தான் வர ஆரம்பித்தது. முப்பது மிஷினில் யார் வரவில்லை என்று பார்க்கணும். வராத ஆளின் வேலையை யாரால் செய்ய முடியும் என்று முடிவு பண்ணணும், காலர் வைக்கத் தெரிந்தவரை ஓரம் அடிக்க உட்கார வைத்தால் மதியத்துக்குள்ளே ஓரிடத்தில் பீஸ் குவிந்துவிடும். மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதணும். தையல் விட்டது, எண்ணெய்க் கறை, அளவு மாறியது, கலர் ஷேட் மாறியது என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கணும். எந்தத் தவறு எந்த மிஷினிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கணும். பையர் சார்பில் ஆய்வுக்கு வருகிறவர் மொத்தச் சரக்கிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையை மட்டும் எடுத்துப் பார்ப்பார், அதில் தவறு அளவு தாண்டினால் முழு லாட்டும் நின்றுவிடும். ஏ.க்யூ.எல். என்று இதைச் சொல்வாங்க. இந்த அம்மா அதற்கு முதல் நாளே அதே முறையில் தானாக எடுத்துப் பார்த்து வைத்துவிடுவாங்களாம். "அதெல்லாம் ஒரு வேலையா சார், நிம்மதியாத் தூங்கறதுக்காகப் பண்ணது" என்றாங்க.

இன்னொன்று. லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு பேசிப் பேசியே இந்தி வந்துவிட்டது. மிஷினில் உட்காராத புதுப் பெண்களை மூன்று வாரத்தில் ஓவர்லாக் அடிக்க வைத்திருக்காங்க. எத்தனை பேரை என்று கேட்டால், விரல் விட்டு எண்ணி, நாற்பதுக்கு மேல் என்றாங்க. இதை எங்கேயும் எழுதியதே இல்லை.

தாள் நிரம்பிய பிறகு கேள்வியே மாறிவிட்டது. டேட்டா என்ட்ரிக்குப் போனால் இந்தப் பதினேழு வருஷமும் வெளியே நின்றுவிடும். பத்தொன்பது வயதுப் பையனோடு தட்டச்சு வேகத்தில் போட்டி போடணும். ஆனால் தையல் பயிற்சி மையத்தில் பயிற்றுநர், பையிங் ஆபீஸில் தரக் கட்டுப்பாடு, பெரிய ஆலைகளில் புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்கான பயிற்சிப் பிரிவு என்று இந்த மூன்றுக்கும் இந்தத் தாளே சாட்சி. அதிலும் தரக் கட்டுப்பாடு என்றால் ஊர் ஊராக, யூனிட் யூனிட்டாக அலைச்சல், முழங்காலுக்கு ஆகாது. பயிற்சிப் பக்கம் போக ஒரு சான்றிதழ் வேணும், அதை எப்படி வாங்குவது என்று பிறகு சொல்கிறேன்.

இதில் கவனிக்கணும், அந்த அம்மாவுக்குத் துணி பிடிக்காமல் போகவில்லை. நின்றுகொண்டே இருப்பதும் ஒன்றரை ஷிப்ட்டும்தான் பிரச்சினை. வேலையை மாற்றணும் என்று தோன்றும்போது, எதை விட்டு விலகப் பார்க்கிறோம் என்று பிரித்துப் பார்க்கணும். வேலையையா, அந்த இடத்தையா, வேலை நேரத்தையா, ஒரு குறிப்பிட்ட ஆளையா? மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை என்றால் கம்பெனி மாறினால் போதும், தொழிலையே மாற்ற வேண்டியதில்லை. அதே மாதிரி தொழிலே சலித்துப்போன ஒருத்தர் நாலு கம்பெனி மாறியும் பிரயோஜனம் இல்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் நிறையப் பேர் என்னிடம் வருவாங்க. "டார்கெட் தாங்க முடியல" என்பாங்க. தாளில் எழுதச் சொன்னால், சிலருக்கு டாக்டர்களைப் பார்த்துப் பேசுவதே பாரமாக இருந்திருக்கும். மொத்த விற்பனையாளரிடம் இருப்பு சரிபார்ப்பது, காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்புவது, எந்த ஊருக்கு எந்த நாள் என்று திட்டம் போடுவது, இதில் மட்டும் கெட்டியாக இருப்பாங்க. அவர்களுக்கு மருந்து விநியோகம், கிடங்கு நிர்வாகம் பொருந்தும். மறுபடியும் விற்பனை வேலைக்கு மனுப் போட்டால் அதே டார்கெட் வேறு பேரில் வரும்.

நன்றாகச் செய்த வேலைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்க: "இதைத் திரும்பவும் செய்வேனா?" கெட்டிக்காரத்தனமாகச் செய்திருப்பீங்க, ஆனால் தூக்கம் கெட்டிருக்கும். கடன் வசூலில் முதலிடம் வாங்கிய ஒருத்தர் அந்தப் பத்தியில் பெரிதாக "இல்லை" என்று எழுதினார். திறமை இருக்கிறது என்பதற்காகவே அதைக் கட்டி அழணும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

சரி, எழுதியாச்சு. அடுத்து, எழுதியதற்குக் காகிதம் வேணும்.

முதலில் பி.எஃப். உமங் செயலியிலோ, இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்திலோ உங்கள் யு.ஏ.என். எண்ணைப் போட்டு உள்ளே போங்க. பாஸ்புக்கில் பணத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். அங்கேயே பணி வரலாறு என்று ஒரு பகுதி இருக்கும். எந்த நிறுவனம், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில் வரும். அனுபவச் சான்று தராமல் இழுத்தடிக்கிற இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது ரொம்ப உதவும். விலகிய தேதி காலியாக இருந்தால், கடைசி மாதப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு அதை நீங்களே தளத்தில் பதியலாம். ஆதாரில் உள்ள பேரும் பிறந்த தேதியும் இதில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்க. வேலை விட்ட பிறகு அவசரத்தில் பார்த்தால் அலைச்சல்தான்.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்றேன். வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். புதுக் கணக்குக்கு மாற்றினால் சேவைக்காலம் தொடரும். ஐந்து வருஷம் முடியுமுன் எடுத்தால் வரி வர வாய்ப்பு இருக்கு. ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருஷ சேவை இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். எட்டு வருஷம் வேலை பார்த்த ஒருத்தர் ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால், அடுத்த இடத்தில் மறுபடியும் முதல் வருஷத்திலிருந்து எண்ணணும். பணிக்கொடைக்கும் கணக்கு இருக்கு. நிரந்தரத் தொழிலாளி என்றால் ஐந்து வருஷத் தொடர் பணி பொதுவான விதி. நாலே கால் வருஷத்தில் கோபத்தில் கடிதம் கொடுப்பதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்க.

பி.எஃப். பிடிக்காத இடத்தில், பீஸ் ரேட்டில், காண்டிராக்டில் வேலை பார்த்தவர்களும் இங்கே இருக்கீங்க. வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய அறிக்கை, பழைய அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. எண் இருந்தால் அது, இவைகளைத் தேடி எடுத்து ஒரே இடத்தில் வைங்க. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் இறக்கிக்கொள்ளலாம். அசல் தொலைந்துபோன பயம் பாதி குறையும்.

கையில் தொழில் இருக்கு, காகிதம் எதுவும் இல்லை என்பவர்களுக்காகவே முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு முறை இருக்கு. ஆர்.பி.எல். என்று சொல்வாங்க. வேலையிலேயே கற்றுக்கொண்டதைச் சோதித்துப் பார்த்து, தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பின்படி எந்த நிலையில் இருக்கீங்க என்று சான்றிதழ் தருவாங்க. தையல், வெல்டிங், எலக்ட்ரிகல் வேலை, கட்டுமானம், அழகுக்கலை என்று பல தொழில்களில் இது இருக்கிறது. திருப்பூர் அம்மாவுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். எந்த மாவட்டத்தில் இப்போது எந்தத் தொழிலுக்குத் தேர்வு நடக்கிறது என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்க, ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் தளத்திலும் தேடலாம். அந்தச் சான்றிதழ் ஒன்றே வேலை வாங்கிக் கொடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சான்றிதழும், நீங்கள் எழுதிய தாளும் சேர்ந்தால் நேர்காணலில் பேச்சு வேறு மாதிரி போகும்.

பயோடேட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் கடையில் இருக்கிற மாதிரிப் படிவத்தில் பேரை மட்டும் மாற்றி அடித்துக்கொண்டு வராதீங்க. "கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவேன்" என்ற வரியைப் படிக்கிறவர் கண் நிற்பதே இல்லை. "30 மிஷின் லைனில் 6 வருஷம் பொறுப்பு, புதியவர்கள் 40 பேருக்கு மேல் ஓவர்லாக் பயிற்சி, தமிழ், இந்தி பேசுவேன்" என்று எழுதினால் நிற்கும். அந்தப் பயோடேட்டாவைத் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும், தேசிய தொழில்நெறி சேவைத் தளத்திலும் பதியுங்க. இரண்டும் இலவசம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு இருக்கிறவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கணும் என்பதை மறக்க வேண்டாம். போனிலேயே முடித்துவிடலாம்.

இன்னும் ராஜினாமா கடிதம் எழுதவில்லையே? நல்லது. முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்க. புதுத் துறையில் முதல் வருஷம் சம்பளம் குறைய வாய்ப்பு அதிகம். குறைந்த சம்பளத்தில் வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம் போக மிச்சம் நிற்குமா? நிற்காது என்றால் எத்தனை மாதத்துக்குச் சேமிப்பு தாங்கும்? இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி எது வரைக்கும் இருக்கும் என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கோங்க, வீட்டில் தொடர் சிகிச்சையில் யாராவது இருந்தால் இது முக்கியம். இந்தக் கணக்கை வீட்டுக்காரரிடம், வீட்டுக்காரம்மாவிடம் மறைத்துப் போடாதீங்க. மறைத்தவர்கள் வீட்டில் மூன்றாவது மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு, புது வேலையை விடாமலே தொட்டுப் பாருங்க. பயிற்றுநர் ஆகணும் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பெண்கள் நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்துப் பாருங்க. சொந்தத் தொழில் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் போய் மானியக் கடன் திட்டங்களைக் கேளுங்க, ஆனால் அதற்கு முன் பத்து உருப்படி செய்து விற்றுப் பாருங்க. கிராமப்புறத்தில் இருப்பவர்களுக்கு வங்கிகள் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் இலவசப் பயிற்சி இருக்கு, சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருவாங்க. சென்னையில் இருக்கிற தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீங்க.

வேலை மாறப் போகிறவர்களைக் குறிவைத்தே ஒரு கூட்டம் போனில் சுற்றிக்கொண்டிருக்கு. "வீட்டிலிருந்தே வேலை, பதிவுக் கட்டணம் கட்டுங்க" என்று வரும் எந்தச் செய்திக்கும் பணம் அனுப்ப வேண்டாம். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்க. சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கும்.

முன்வரிசையில் ஒரு அண்ணன் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கார்: "நாற்பத்தாறு வயசு ஆச்சு, என்னை யார் எடுப்பாங்க?" நேர்மையாகச் சொல்றேன். இருபத்தைந்து வயதுக்காரரை எதிர்பார்க்கிற வேலைக்கு உங்களை எடுக்க மாட்டாங்க. அங்கே மனுப் போட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். மிஷின் நின்றால் சத்தத்தை வைத்தே காரணம் சொல்கிற ஆள், கோபமாக வந்த வாடிக்கையாளரை டீ கொடுத்து உட்கார வைக்கத் தெரிந்த ஆள், பத்துப் பேர் லீவு போட்ட அன்றும் லோடு அனுப்பிய ஆள், இப்படிப்பட்டவர்களைத் தேடுகிற முதலாளிகள் இருக்காங்க, குறிப்பாகச் சின்ன யூனிட்களில். நீங்கள் அந்த ஆள் என்பது அவர்களுக்குத் தெரியணும். உங்கள் பேர் "சூப்பர்வைசர்" என்று மட்டும் போனால் தெரியாது.

வாசலில் மேசை மேல் வெற்றுத் தாள்கள் வைத்திருக்கிறோம், ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க. எழுதிக் கொண்டுவந்தால் அலுவலக நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசலாம். பாதி எழுதியிருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாங்க.